நிக்டியில் வாங்கிய ஸ்பீக்கர்களும் என் கணவரின் வலது காதும்

இந்த வலைப்பதிவில் வழக்கமாகக் கோட்டைகளும் அருவிகளும்தான் வரும். இந்த முறை, புனேயில் நாங்கள் இருக்கும் கராடியிலிருந்து ஊரின் மறுகோடி நிக்டிக்குப் போய் வந்த கதை. முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் பயணம். ஆனால் போகும்போது இருந்த மனநிலை வேறு, வரும்போது இருந்த மனநிலை வேறு. புனேயில் பழைய ஸ்பீக்கர் தேடுகிறவர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

2006 மழைக்காலம். என் கணவர் சரவணனுக்கு வலது காதின் ஜவ்வில் சின்ன வயதிலிருந்தே ஓட்டை. அந்த வருடம் கோடையில்தான் ஆபரேஷன் செய்துகொண்டார். கட்டுப் பிரித்தபிறகு, “கொஞ்சம் கொஞ்சமாக் கேட்க ஆரம்பிக்கும், சில மாதம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்” என்றார் டாக்டர். அந்த டெஸ்ட்டுக்கு, நாங்கள் நிக்டி போன ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்திருந்தது. இடைப்பட்ட மாதங்களில் இவர் வீட்டில் பாட்டே போடவில்லை. கோயமுத்தூரில் கல்லூரி நாட்களிலிருந்து கச்சேரி கேட்டே வளர்ந்த மனிதர். கேட்டால், “சும்மா தலை வலிக்குது” என்பார். பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஆபீசில் கோமதி தன் அப்பாவின் ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொன்னாள். நிக்டியில் பிராதிகரண் என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் பாணேரில் இவளுடைய ஃபிளாட்டுக்கே வருகிறார்கள். தரையில் நிற்கிற இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்கு அங்கே இடமில்லை. அப்பா பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்களாம். அங்கே வாங்கிக் கப்பலில் கொண்டுவந்த ஜோடி. விலை பன்னிரண்டாயிரம். நல்ல ஸ்பீக்கர் வந்தால் இவருக்கு மறுபடி ஆசை வரும் என்று எனக்குத் தோன்றியது. “சும்மா பாத்துட்டு வந்துரலாம், வாங்க” என்று நச்சரித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கிளப்பினேன்.

கராடியிலிருந்து புனே ஸ்டேஷனுக்கு ஆட்டோ எழுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து லோணாவ்ளா லோக்கல் ரயிலில் ஏறி ஆகுர்டியில் இறங்கவேண்டும். டிக்கெட் ஆறு ரூபாய், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிக்டிக்குப் பஸ்ஸும் உண்டு, ஆனால் ஹைவேயில் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் லோக்கல்தான் உத்தமம். ஞாயிறு என்பதால் உட்கார இடம் கிடைத்தது. இவர் வழக்கம்போல என்னைத் தன் நல்ல காதிருக்கும் இடது பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். தாப்போடி தாண்டியதும் நல்ல மழை. ஆகுர்டியில் இறங்கி இன்னொரு ஆட்டோ, இருபது ரூபாய். பிராதிகரணில் செக்டர் எண்ணைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரர்கள் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள்.

கோமதியின் அப்பா வேலாயுதம், அம்மா செண்பகம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. “வாங்க வாங்க, நனைஞ்சிட்டியளோ?” என்று ஆண்ட்டி துண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஹாலில் பாதி சாமான் மூட்டை கட்டியிருந்தது. அந்த மூட்டைகளுக்கு நடுவே அவை இரண்டும் நின்றன. என் இடுப்புக்குச் சற்று மேலான உயரம். வால்நட் மரத்தகடு ஒட்டிய பெட்டி, முன்னால் கறுப்புத் துணி. துணியைக் கழற்றிக் காட்டினார் அங்கிள். கீழே தட்டு அளவு பெரிய காகிதக் கூம்பு, அதற்குமேல் ஒரு சின்னக் கூம்பு, உச்சியில் மெல்லிய ஒலிகளுக்கான ட்வீட்டர், ஒரு நாலணாக் காசு அளவுதான். கூம்புகளின் ஓரத்து ரப்பர் எதுவும் வெடிக்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

“நீங்க நடுவுல உக்காருங்க தம்பி. அந்த நாற்காலிலதான் நான் உக்காருவேன்” என்றார் அங்கிள். இவர் உட்கார்ந்தார். அங்கிள் ஒரு வயலின் கச்சேரி சிடியைப் போட்டார். தற்செயலாக இவரிடமும் இருக்கும் சிடி, நூறு தடவையாவது கேட்டிருப்பார். அதில் கஞ்சிரா வலது பக்கம் உட்கார்ந்து வாசிப்பது போலப் பதிவு செய்திருப்பார்கள்.

முதல் இரண்டு நிமிடம் இவர் முகம் மலர்ந்தே இருந்தது. அந்தப் பெட்டிகளிலிருந்து மிருதங்கத்தின் தொப்பி, அந்த இடப்பக்கத்து முழக்கம், வந்த விதத்தை நான் என்னவென்று எழுதுவேன்! தரை வழியாகப் பாதத்துக்கே வந்தது. அப்புறம் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராவின் முறை வந்தது. இவர் தலையை லேசாக வலது பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கை தானாக வலது காதுக்குப் போனது. அப்படியே மடியில் இறங்கிவிட்டது.

“போலாம் கவிதா” என்றார்.

“என்னங்க, அதுக்குள்ளயா?”

“போலாம்னு சொல்றேன்ல.”

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை டாக்டர் சொல்லப்போவதை இவர் இங்கேயே கேட்டுவிட்டார். இந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்து, இன்னொருவர் வீட்டு ஹாலில் உட்காரவைத்து, இதைத் தெரிந்துகொள்ள வைத்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

ஆண்ட்டி காபியோடு வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன தம்பி, சத்தம் பிடிக்கலியா?”

“ஸ்பீக்கர் ரொம்ப நல்லா இருக்குதுங்க. எனக்குத்தான் காதுல ஆபரேஷன். கஞ்சிராவுல தோல்ல அடிக்கிறது கேக்குது, அந்த ஓரத்துச் சில்லு குலுங்குற சத்தம் வரவே மாட்டேங்குது. வலது பக்கம் சரியாகல போலிருக்குங்க” என்றார் இவர். என்னிடம் சொல்லாததையெல்லாம் முதல் தடவை பார்க்கிற அந்த அம்மாவிடம் கொட்டிவிட்டார்.

ஆண்ட்டி காபித் தட்டை மூட்டைமேல் வைத்தார். “வலப் பக்கமா? ஐயோ, அந்தப் பொட்டி ரெண்டு வருசமா மூக்கடைச்சவன் பேசுத மாதிரிதான பேசுது. இவுககிட்டச் சொன்னாக் கேக்கணும்லா!”

“ஏளா, சும்மா இரி. பொட்டிக்கு ஒண்ணும் இல்ல” என்றார் அங்கிள்.

“உங்களுக்கு ஒண்ணும் இல்லியாக்கும். அடுப்படில நிக்கிற எனக்கே தெரியுது.”

இவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது வலது பெட்டி இவருடைய இடது காதுப் பக்கம். “அங்கிள், அந்தத் தனியை முதல்லருந்து போடுங்க” என்றார்.

கஞ்சிரா இப்போது நல்ல காதின் பக்கம். தோல் கேட்டது, சில்லு அந்தக் காதுக்கும் கேட்கவில்லை. நான் முன்னால் போய் இவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். சிடியில் தனி முடிந்து மறுபடி வயலின் தொடங்கியது. இப்போது இவருடைய வலது காதுப் பக்கம் இருந்த இடது பெட்டியில் தம்பூரா தனியாக ஒலிக்கும் ஒரு சின்ன இடைவெளி வந்தது. இவர் வலது கையை உயர்த்தி, வலது காதுக்குப் பக்கத்தில் காற்றில் அப்படியே நிறுத்தினார்.

“இங்க கேக்குது” என்றார். “கவி, இந்தப் பக்கம் கேக்குது. அந்த ரீங்காரம் அப்படியே கேக்குது.”

அங்கிளுக்கு நம்பிக்கை வரவில்லை. பின்னால் போய் வயர்களை இடம் மாற்றிச் செருகினார். கஞ்சிரா இப்போது இடது பெட்டியிலிருந்து சலங்கை போலக் குலுங்கிக்கொண்டு வந்தது. பழுது வலது பெட்டியிலேயே இருந்தது. குனிந்து அதன் ட்வீட்டரருகே காதை வைத்துப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. செத்துப்போன ட்வீட்டர். ஒரு பொருள் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்து என் வாழ்க்கையில் நான் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை. இவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். ஆண்ட்டி எதற்கென்று முழுதாகப் புரியாமலேயே என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அங்கிள் மட்டும் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். “அப்போ ரெண்டு வருசமா எனக்குத்தான் கேக்கலியா?” என்றார்.

“நான் கூப்பிட்டாலே கேக்கதில்ல, இது எங்க கேக்கப்போவுது?” என்றார் ஆண்ட்டி. ஆனால் சொன்ன கையோடு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அப்புறம் நடந்த பேரம் தலைகீழானது. பழுதான பொருளை விற்கமாட்டேன் என்றார் அங்கிள். சொன்ன விலைக்கே வேண்டும் என்றார் இவர். ஆண்ட்டி குறுக்கே புகுந்து பத்தாயிரம் என்று முடித்துவைத்தார். கிளம்பும்போது இவர் தன் டாக்டரின் முகவரியை எழுதி அங்கிளின் சட்டைப் பையில் வைத்தார். “வலியே இல்லைங்க அங்கிள். சும்மா போய்ப் பாருங்க.”

நிக்டி சவுக் என்ற நாற்சந்தியில் மூன்று சக்கர டெம்போக்கள் நிற்கும். கராடிவரை ஐந்நூற்றைம்பது என்று பேசினோம். ஓட்டுநர் ஷிந்தே போர்வை சுற்றிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “தாயி, தோன் ஃப்ரிட்ஜ்?” (அக்கா, ரெண்டு ஃப்ரிட்ஜா?) என்று மராத்தியில் கேட்டார். இரண்டும் ஃப்ரிட்ஜ் இல்லை, ஸ்பீக்கர் என்றதும், “கண்பதி விழாப் பந்தலுக்கா?” என்று ஹிந்தியில் அடுத்த கேள்வி. வீட்டுக்கு என்றோம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்து அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். நிற்கவைத்தால் பள்ளத்தில் சாய்ந்துவிடும் என்று முதுகுப் பக்கம் தரையில் படும்படி படுக்கவைத்து, நடுவில் தலையணை செருகினோம். மேலே தார்ப்பாய். சிஞ்ச்வட், பிம்ப்ரி, கட்கி, எரவாடா என்று வந்து நகர் ரோடு பிடித்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. காசர்வாடியில் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. ஷிந்தே வண்டியை ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்கு அடியில் நிறுத்தி, தானாகவே இறங்கிப்போய்த் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். இவர் என்னைத் தன் வலது பக்கம் விட்டு நின்று மழையைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

வியாழக்கிழமை டெஸ்ட் முடிந்தது. வலது காதில் ஒரு சின்னக் குறை மிச்சமிருக்கிறது, மற்றபடி நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த வாரம் கோமதி ஆபீசில் சிரித்துக்கொண்டே வந்தாள். அங்கிளும் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு காதிலும் இறுகிப்போன அழுக்கு. எடுத்துவிட்டார்களாம். வயசுக்கு உண்டான குறை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அம்மா சமையலறையில் முணுமுணுப்பதெல்லாம் இப்போது அப்பாவுக்குக் கேட்கிறதாம். வீட்டில் சண்டை கூடியிருக்கிறது என்றாள்.

இனி, வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய ஜோடியைக் கேட்கப் போனால் உங்களுக்கு மனப்பாடமான சிடி ஒன்றை எடுத்துப்போங்கள். எங்களைப்போல அதிர்ஷ்டத்தை நம்பவேண்டாம். ஒரு பக்கம் மந்தமாகத் தெரிந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள், வயரை மாற்றியும் கேளுங்கள். ஓரத்து ரப்பரை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்சு வைத்த மாடல் என்றால் உதிர்ந்து கையோடு வரும், அதை மாற்றச் செலவு உண்டு. உதிரி பாகத்துக்கு, புத்வார் பேட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தப்கீர் கல்லி என்ற சந்து. ஞாயிறு போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். எங்களுக்கு அதே மாதிரி ட்வீட்டர் கிடைக்கவில்லை. அளவு பொருந்துகிற வேறு ஒரு ஜோடி ஆயிரத்து எண்ணூறுக்குக் கிடைத்தது. ஒன்றுதான் பழுது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இரண்டு குரலில் பேசும். உள்ளே இருந்த பழைய கெப்பாசிட்டர்களையும் அப்போதே மாற்றிவிட்டோம், அது நூற்றைம்பதுக்குள் முடிந்தது. சமையல் மேடைக்கு அறுத்து மிஞ்சிய கிரானைட் துண்டு இரண்டு வாங்கிப் பெட்டிகளுக்கு அடியில் வைத்ததும் தாழ்ந்த ஒலிகளின் குழப்பம் பெருமளவு தீர்ந்தது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். ஹால் சின்னதாகிவிடும். பழகிவிடும்.

புது ட்வீட்டர்கள் பொருத்திய சனிக்கிழமை காலை, இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறையிலிருந்து வந்து அவருக்கு வலது பக்கம் நின்று, “எப்படி இருக்குதுங்க?” என்று மெதுவாகக் கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். திரும்பவே இல்லை. குனிந்து அவர் தோளைத் தொட்டேன்.

“கேட்டுச்சு கவி” என்றார் கண்ணைத் திறக்காமல். “தனி முடியட்டும், சொல்றேன்.”