டேங்க் கழுவிய தண்ணீர்

எனக்கு வாய் அதிகம். பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவளுக்கு வாய் இல்லாமல் ஆகாது. வருஷா வருஷம் ஒரே உதாரணம்தான்: "ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தா எழுத்து மங்கும். புதுசா ஒரு பக்கம் வருமா? மரபணுவுல வர்ற பிழையும் அப்படித்தான்." பிள்ளைகள் தலையாட்டும். என் தம்பியும் தலையாட்டினான்.

அவன் நூல்மில் வேலையை விட்டுவிட்டு வத்தலக்குண்டுப் பக்கம் மிளகாய் போட்டதே நான் கொடுத்த தைரியத்தில்தான். முதல் வரிசையை, சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக, கோயிலுக்கென்று நேர்ந்துவிட்டோம். "ஆண்டவருக்குக் குடுக்குறதுல விஷமாடா அடிப்ப? மருந்து டேங்க் கழுவுன தண்ணி போதும்" என்றேன். மற்ற வரிசைகளுக்கு மருந்தடித்துவிட்டு, அதற்கு மட்டும் கழுவிய தண்ணீரைத் தெளித்து வந்தான்.

அந்த வரிசையில் அசுவினிப் பூச்சி கொஞ்சம் பிழைத்துக் கிடந்தது. பிறகு பக்கத்து வரிசைக்கும் வந்தது. "மருந்துக்குச் சாக மாட்டேங்குதேக்கா" என்று போன் செய்தான்.

"மரபணு பிழையாப் பொறந்த பூச்சிடா, நோஞ்சானாத்தான் இருக்கும். அதே மருந்த இன்னொரு தடவ அடி."

மூன்று தடவை அடித்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே மிளகாய்க் காட்டுக்குப் போனேன். ஐயோ! அம்புட்டு இலையும் சுருண்டு கிடந்தது. தொட்டால் கை பிசுபிசுவென்று ஒட்டியது. மிளகாய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மறுநாள் பார்க்க வந்த வேளாண்மை அதிகாரி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விஷத்த முறிக்கிற மரபணு இந்த வகை அசுவினியில ஒண்ணு பலதாப் பெருகும் டீச்சர். அந்த நகல்ல சிலது கொஞ்சம் மாறி, புது மாதிரியாவும் ஆயிரும். ஆராய்ச்சியில கண்டிருக்காங்க. இங்கயும் அதுவாத்தான் இருக்கும். அரைகுறை மருந்துல அதுகதான் தப்பிக்கும். எந்த வரிசையில மொதல்ல பாத்தீங்க?"

எனக்குக் கோயில் வரிசையைக் கை காட்ட முடியவில்லை. தம்பிதான் காட்டினான். இத்தனை வருஷம் வராது, வராது என்று அடித்துச் சொன்ன அந்தப் புதுப் பக்கம் என் கண் முன்னே காடு முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது.

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீ படிச்சவ, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா" என்றான், அவ்வளவுதான்.

செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு அடுத்த வாரமே மறுபடி மில் வேலைக்குப் போனான். அன்று எனக்கும் அதே பாடம். "ஜெராக்ஸ் உதாரணத்த அடிச்சுருங்க" என்றேன். முன்பெஞ்சுக்காரி ஏன் டீச்சர் என்றாள்.

"அது தப்பு. என் தம்பி காட்ட அழிச்சவ நான்."