திரும்பி நின்ற ஆட்டோக்காரர்கள்

போன வருடம் சித்திரை வெயிலில், பூந்தமல்லி பக்கம் ஓர் ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் நடந்தது இது.

பல வருடம் மலேசியாவில் வேலை பார்த்துவிட்டு, காட்டுப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பியிருந்தோம். அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். "ஃபாரின் கார் பந்தா" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் காரின் முன்பக்க இடது இருக்கை, பட்டனை அழுத்தினால் வெளிப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கும். முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போன என் மனைவி, யாரும் தூக்காமல் தானே சக்கர நாற்காலிக்கு மாறிக்கொள்ளலாம். ஊர் திரும்பியதிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. நாலு பேர் பார்க்க நான் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக்கூட வர மறுத்தாள்.

துறைமுகத்தில் சுங்கம் முடிந்து கார் வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மிச்சம் இருந்தது பதிவு மட்டும்தான். அது கிடைக்காவிட்டால் கார் போர்டிகோவிலேயே நிற்கும், அவளும் வீட்டுக்குள்ளேயே இருப்பாள்.

சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பார்த்த ஆய்வாளர் திருப்தியானார். இருக்கையைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"கம்பெனி ஃபிட்டிங்கா, நீங்க மாத்துனதா சார்? மாத்தியிருந்தா பதிவு பண்ண முடியாது. எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுங்க."

காட்ட வேண்டியவள், காரை விட்டு இறங்க வேண்டியிருக்காது என்று நான் சொன்னதை நம்பி வந்தவள், உள்ளே உட்கார்ந்திருந்தாள். வண்டித் தகுதிச் சான்றுக்காக, எஃப்.சி.க்கு வந்த ஆட்டோக்காரர்கள் வெளிநாட்டுக் காரைச் சுற்றி ஏற்கெனவே கூடியிருந்தார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிவிட்டார். அவள் முகம் வெளிறியதை என்னைப் போலவே அவர்களில் பெரியவர் ஒருவரும் பார்த்துவிட்டார்.

"டேய், போனை உள்ள வையி. அக்கா எறங்கணும். அல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கினு நில்லுங்க."

மறுபேச்சு இல்லாமல் திரும்பினார்கள். காரைச் சுற்றி வெறும் காக்கி முதுகுகள். அவள் பட்டனை அழுத்தினாள். இருக்கை மெல்லத் திரும்பி இறங்கியது. கையை ஊன்றி நாற்காலிக்கு மாறினாள். இருக்கைக்கு அடியில் இருந்த கம்பெனி முத்திரையைக் குனிந்து பார்த்த ஆய்வாளர், "சரிதான் சார், பண்ணிடலாம்" என்றார்.

அவள் அந்த முதுகுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எல்லாரும் திரும்புங்க. நான் மறுபடி ஏறப்போறேன். பாருங்க, பரவாயில்ல."

திரும்பினார்கள். போனைத் தூக்கியவர்தான் முதலில் குனிந்து, நாற்காலிச் சக்கரத்துக்கு முன்னால் கிடந்த கல்லை எடுத்துப் போட்டார். எல்லார் கண் முன்னாலும் அவள் நிதானமாக ஏறி உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், கூட்டத்துக்கு நடுவிலேயே இறங்கினாள். என் மனைவியை வெளியே கொண்டுவந்தது நான் கடல் தாண்டிக் கொண்டுவந்த கார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ, வியர்வையில் சட்டை ஒட்டிய அந்த முதுகுகள்தான் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன.