பால்கனியில் போட்ட பனியன் வேஸ்ட் மெத்தை

வேலம்பாளையத்தில் எங்கள் மாடி வீட்டுப் பால்கனி ஒரு ஆள் அகலம்தான். நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் கிடைத்த வேஸ்ட்டை, அதாவது வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை, அடைத்து மெத்தை தைத்து அங்கே போட்டேன். தீபாவளியன்று யாரோ விட்ட ராக்கெட் அதில் விழுந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். புகை நின்றது.

"பிரிச்சுப் பாருங்கக்கா. உள்ளே கங்கு இருக்குமுங்க" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி.

"ஒரு கொடம் குடிச்சிருக்கு கண்ணு. இன்னும் கங்கு எங்கே இருக்குது?" என்றேன்.

தூங்கிய மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பியபோது பால்கனி மெத்தை உள்ளுக்குள் கனன்று, வீடு முழுக்கப் புகை. செல்வி கதவை உடைத்துக் குழந்தையை வெளியே தூக்கி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மகள் மறுநாள்தான் கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள். இருமல் மட்டும் போகவில்லை.

இப்போது பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கிடக்கிறது. துணியிலோ பஞ்சிலோ பொறி விழுந்தால் கிழித்து, உள்ளே கை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்கிறேன்.