கடல் மீன் வளர்த்த தங்கவேல் அண்ணாச்சி

தங்கவேல் அண்ணாச்சி இறந்த செய்தி எனக்கு ஒரு அச்சு வேலையாகத்தான் வந்தது. நான் எழுத்துக் கோக்கும் விருதுநகர் அச்சகத்தில், சிவகாசியிலிருந்து வந்த ஆள் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கான வாசகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். 'கரிசல் காட்டில் கடலை வளர்த்த கருணை உள்ளம்' என்று எழுதியிருந்தது. கடல் வரைக்கும் சரி. கருணைக்கு எழுத்துக் கோக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்திலிருந்தவர் கோத்தார்.

அவரை அறிந்தவர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று எழுதவும் இல்லை.

சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் அவர் மேனேஜர். நான் அச்சுக் கல்லில் படம் வரையும் ஆர்டிஸ்ட். ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து வரும் வியாபாரிகள் அசந்துபோக வேண்டும் என்று ஆபீசில் கடல் மீன் தொட்டி வைத்தார். தூத்துக்குடியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் தண்ணீர் வந்தது. முதலில் தகர டின்னில் கொண்டுவந்து, டின் துருப்பிடித்து, அத்தனையும் செங்காவியாகிப் போனது. பிறகு பீங்கான் ஜாடிக்கு மாறினார். லாரி டியூபில் காற்றடைத்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழி விட்டார். அடியில் மணல், அதன்மேல் உயிருள்ள பவளக்கல், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட நாலு மீன்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. "பொறுமை இருக்கவன்கிட்டதான் கடலு தங்கும்" என்பார். மனிதர்களிடம் அந்தப் பொறுமையை அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

சித்திரை வந்தது. தீக்குச்சி காய நம் ஊர் வெயில் தோது. தொட்டிக்கு அதுவே எமன். வாரத்துக்கு நாலு விரல் தண்ணீர் குறைந்தது. குறைந்ததையெல்லாம் அவர் மறுபடியும் கடல் தண்ணீரை ஊற்றியே நிரப்பினார். கண்ணாடி விளிம்பில் பூத்த உப்பையும் வீணாக்காமல் சுரண்டி உள்ளேயே தட்டிவிட்டார். என் தாய்மாமன் உப்பளத்தில் வேலை பார்த்தவர். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, வெயில் கொண்டுபோறது தண்ணிய மட்டுந்தான். உப்பு அங்கனயே கெடந்து கூடிக்கிட்டே போகுது. குறையுறதுக்குக் குடிக்கிற நல்ல தண்ணிய ஊத்துங்க."

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியா லே? படம் போட வந்தவன் படத்தப் போடு."

வியாபாரிகள் வருவதற்கு முந்தின நாள் காலையில் நாலும் மிதந்தன. கல் வெளுத்துக் கிடந்தது. அண்ணாச்சி அழுதார். பொய்யழுகை இல்லை, அதை நானே பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடி நின்றவர்கள் முன்னால் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, நகக்கண்ணெல்லாம் மை. இந்தக் கையத்தான் உள்ள விட்டுருக்கான்."

நான் அந்தத் தண்ணீரைத் தொட்டதே இல்லை. அன்றே வேலை போயிற்று. வேறு கம்பெனிகளில் போய்க் கேட்டால், "மீனக் கொன்ன ஆர்டிஸ்ட்டு நீங்கதானா?" என்று சிரித்தார்கள். என் மனைவி தண்ணீர்க் குழாயடியிலும் அதைக் கேட்டுவிட்டு வந்தாள். படம் வரைவதை விட்டு ஊரையும் விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தோடு அவர் என்னைத் தேடி வந்தார்.

"நல்லாருக்கீகளா தம்பி? இப்ப நல்ல தண்ணிதான் ஊத்துதேன். எட்டு மாசமா மீனு அம்புட்டும் உசுரோட இருக்கு."

"இத நம்ம கம்பெனி ஆளுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணாச்சி."

"அது எதுக்கு? முடிஞ்சுபோன விசயம்."

பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் ஆறு வருடம் உயிரோடு இருந்தார். சொல்லவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இறந்ததற்காக அந்தக் கோபத்தை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு கெட்ட பெயர். அதைத்தான் வைத்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்துக்குப் போகிறவர்களே, அவர் படத்துக்குத் தாராளமாக மாலை போடுங்கள். போட்டுவிட்டு, உங்களில் ஒருவராவது எழுந்து அங்கே சொல்லுங்கள்: அந்த மீன்களை நான் கொல்லவில்லை.