ஒன்பதாவது வட்டம்

புளூட்டோ கிரகம் இல்லை என்பதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. என் மகளின் பாடப் புத்தகத்தில் எட்டுதான் இருக்கிறது; இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் நான் ஒன்பது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் அவளுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால் அந்தப் பழி என்னைச் சேரட்டும்.

காரணம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் நானே புளூட்டோவாக இருந்தவள்.

அப்போது லாஸ்பேட்டையில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சூரியக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் எங்கள் மண்டையில் ஏறாது என்று தெரிந்துகொண்ட அறிவியல் மிஸ், எங்களை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். விளையாட்டு விழாவுக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் ஒன்பது வட்டம் போட்டார். வகுப்பிலேயே குண்டான பையனை நடுவில் நிறுத்தி, நீதான் சூரியன், அசையக் கூடாது என்றார். அவனுக்கு அது பரம திருப்தி. மற்றவர்கள் அவனைச் சுற்றி ஓட வேண்டும். புதனுக்குப் பத்தடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். வகுப்பில் ஆகச் சிறியவள் நான் என்பதால் எனக்குப் புளூட்டோ. வேப்பமரம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு ஓட வேண்டும். மற்றவர்கள் நாலு சுற்று முடிப்பதற்குள் நான் ஒன்றை முடித்தால் பெரிது.

இதையே அறிவியல் விழாவில் பெற்றோர் முன்னால் ஓடிக்காட்டுவது என்று முடிவாயிற்று. ஓடி முடித்ததும் மூச்சு வாங்க ஒரு வசனம் சொல்ல வேண்டும். "நான் புளூட்டோ. எல்லாரையும்விட தூரத்தில் இருக்கிறேன். ஆனாலும் நான் இந்தக் குடும்பம்தான்." ஜூலையிலிருந்து வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்கினேன். அம்மா தன் பழைய ஊதாப் புடவையைக் கிழித்து எனக்குப் பாவாடை தைத்தார்.

ஆகஸ்டு கடைசியில், புளூட்டோ இனிமேல் கிரகம் இல்லை என்று செய்தித்தாளில் வந்தது. மறுநாள் ஒத்திகையில் மிஸ் ஒன்பதாவது வட்டத்தைச் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டே போனார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பின்னால் நிற்கும் நட்சத்திரங்களோடு போய் நின்றுகொள்ளச் சொன்னார். நட்சத்திரங்கள் பதினாறு பேர். வசனம் கிடையாது. வெள்ளி அட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும், அவ்வளவுதான். முடியாது மிஸ் என்றேன். வகுப்புக்கு வெளியே நின்றேன். நட்சத்திரமாக ஆடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டில் அம்மாவுக்கு விஷயமே பிடிபடவில்லை. "கோயில்ல இன்னைக்கும் ஒம்போதத்தானே சுத்தறோம், எட்டுன்னு யாரும் சொல்லலியே" என்றார். அப்பாதான் கேட்டார், "யாரு எடுத்தது?" வெளிநாட்டில் விஞ்ஞானிகள் கூடிக் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு எடுத்துவிட்டார்கள் என்றேன்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளிக்கு வந்துவிட்டார். என் முன்னேற்ற அறிக்கை வாங்கக்கூட வராத மனிதர். நான் தலைமை ஆசிரியையின் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்க முடிவு பண்ணிட்டாங்க சார், நாங்க என்ன பண்றது?"

"அதான் மேடம் கேக்கறேன். நேத்து சுத்திக்கிட்டு இருந்தது இன்னைக்கும் அதே எடத்துலதான் சுத்துது. பட்டியல்ல பேரு இல்லன்னா சுத்தலன்னு ஆயிடுமா?"

தலைமை ஆசிரியை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நட்சத்திரமும் நல்ல வேஷம்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பட்டியல் என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கெடு இருந்தது. தாத்தாவின் அண்ணன் போய்ப் போட்டுவிட்டார். தாத்தா போகவில்லை. பிறந்ததிலிருந்து நான் பிரெஞ்சுக்காரன், புதிதாக எதற்குக் கையெழுத்து என்று வீம்பாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கெடு முடிந்தது. கருவடிக்குப்பத்தில் ஒரே சுவர் நடுவில், பெரிய தாத்தா வீடு பிரான்ஸ், எங்கள் வீடு இந்தியா. அவர்கள் பாரிசுக்குப் போய் வந்து சாக்லெட் தருவார்கள். அப்பா ஒரு பழுப்புக் கோப்பைத் தூக்கிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தார். எனக்கு அது அப்பாவின் இன்னொரு ஆபீஸ், அவ்வளவுதான்.

செப்டம்பரில் அறிவியல் விழா வந்தது. ஒன்பதாவது வட்டம் போனதில் மைதானத்தில் இடம் மிச்சமாகி, அதே இடத்தில் பெற்றோருக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். நான் நல்ல பிள்ளையாக வெள்ளி அட்டையோடு நின்றேன். வெள்ளைச் சட்டைக்குக் கீழே ஊதாப் பாவாடையைச் சுருட்டிச் செருகியிருந்தது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

எட்டுப் பேர் ஓடத் தொடங்கியதும் அட்டையைக் கீழே போட்டேன். பாவாடையை இறக்கிவிட்டேன். ஓடினேன். எனக்கு வட்டம் எங்கே போனது என்று மனப்பாடம், சுண்ணாம்பு எதற்கு? வேப்பமரத்தைத் தாண்டி, குழாயடிச் சேற்றில் மிதித்து, பார்க்க வந்த கூட்டத்துக்குப் பின்னால் போனேன். பின்னால் ஏதோ ஓடுகிறது என்று ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். மிஸ் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. நிற்கவில்லை.

கடைசி வரிசையின் ஓரத்தில், சரியாக என் பாதையில் ஒரு நாற்காலி. அதில் அப்பா. ஆபீசுக்குப் போனவர் எப்போது வந்தாரோ தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்து வழி விட்டார். மடியிலிருந்த பழுப்புக் கோப்பு விழுந்து தாள்கள் சிதறின. நான் அவற்றை மிதித்துக்கொண்டே ஓடினேன். அப்பா குனிந்து பொறுக்கவில்லை. கை தட்டினார். அத்தனை பேர் நடுவில், எப்போதும் சத்தம் போட்டுப் பேசாத என் அப்பா, "நிக்காத பாப்பா, இன்னொரு சுத்து ஓடு" என்றார். குரல் உடைந்திருந்தது. என் வீரத்தைப் பார்த்த பெருமை என்று நினைத்தேன்.

வசனத்தையும் சொன்னேன். யார் காதில் விழுந்ததோ தெரியாது, சூரியன் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அடுத்த வாரம் முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்தக் கோப்பு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. கடைசித் தாள், அந்தக் கடற்கரைப் பக்கத்து அலுவலகம் பிரெஞ்சில் எழுதிய நாலு வரிக் கடிதம். உங்கள் தந்தை உரிய காலத்தில் கையெழுத்திடாததால் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கும் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாது என்கிறது. அதற்குப் பிறகு கோப்பில் ஒரு தாளும் சேரவில்லை. கடிதத்தின் நடுவில் காய்ந்த சேற்றில் ஒரு சின்னக் கால்தடம். மேலே இருக்கும் தேதி, எங்கள் விழா நாள்.

அப்போது எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்பா சொன்னபடி இன்னொரு சுற்று ஓடினேன்.