அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலி என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. அது வெளியாட்கள் எங்களைக் கூப்பிடும் சொல். சம்பளம் என்பது மாதத்தில் ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நின்று வாங்குவது. அன்றாடம் எங்களுக்கு இருந்தது ‘பேர்’தான். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். மழை வந்து பாதியில் நின்றால் அரைப் பேர். பாடுபட்டும் பால் தேறவில்லை என்றால் அன்றைக்குப் பேரே இல்லை.

குழாயடியில் பெண்கள் இதை வைத்துச் சிரிப்பார்கள்.

“இந்த மாசம் ஒனக்கு எத்தன பேருடி?”

“இருவத்திரண்டு பேரு, அக்கா.”

“மெதுவா சொல்லுடி, புருசன் காதுல விழுந்திடப் போவுது.”

என் அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி கொண்டுவந்து, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்த காலம் அது. புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் எங்கள் தோட்டம். அக்கா புருஷனும் நானும் அடுத்தடுத்த நிரைகளில் பால்மரம் சீவினோம்.

ஒரு நாள் பத்து மணிக்குக் கொட்டிய மழையில் மரத்தில் கட்டிய மங்குகள் நிரம்பிப் பால் வழிந்தோடிவிட்டது. எனக்குக் கொஞ்சம் தேறியது, அரைப் பேர். மச்சானுக்கு ஒன்றுமில்லை.

“நாளைக்கு மழைகிட்ட கேட்டுட்டு வா லா” என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேலி செய்தார்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அந்த மழை நாளில் எங்கள் லயத்து ஆள் ஒருவன் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோனதாக யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லோரையும், காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுத் திடலில் நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி கேட்பதைத் தமிழில் சொல்ல, சிரம்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தமிழர்தான், தோட்டம் அறியாதவர். மச்சானின் நிரை பெருங்காட்டை ஒட்டிய எல்லையோரம் என்பதால் அவரைத் தனியே நிறுத்திவிட்டு அக்காவைக் கேட்டார்.

“மழை பெய்த அன்னைக்கு உன் வீட்டுக்காரர் எங்கே?”

“அன்னைக்கு அவருக்குப் பேர் இல்லீங்க.”

“அப்போ வேலைக்கு வரலையா?”

“காட்டுக்குத்தாங்க போனாரு. பேருதான் இல்ல.”

எங்களுக்குக் காடு என்றால் ரப்பர்க் காடு. சிரம்பான்காரருக்கு அது வேறு காடு. அதிகாரியிடம் அப்படியே சொன்னார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, பேர் பதியும் செக்ரோலைத் திறந்து காட்டினார். மச்சானுக்கு நேரே அந்த நாளின் கட்டம் வெறுமையாக இருந்தது. வேலைக்கு வராதவனுக்கும் பேர் இல்லாதவனுக்கும் அதே வெறுங்கட்டம்தான்.

“வேற யாருக்காவது ஏதாவது தெரியுமா?” என்றும் சிரம்பான்காரர் கேட்டார்.

நான் நான்கடி பின்னால் நின்றிருந்தேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான். தரையைப் பார்த்தேன். மண்டோரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரியில் ஏற்றும்போது மச்சான் கத்தினார்: “மாப்ள, சொல்லேன்டா! பக்கத்துலதானடா இருந்த!”

மறுநாள் கிராணியிடம் போய்ச் சொன்னேன். “இதை நேத்து சொல்லியிருக்கணும்பா” என்றார். கடிதம் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. பல மாதங்கள் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு மச்சானை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு வீடுகூடக் கிடையாது. இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு அதுவும் இல்லை.

அக்கா என்னோடுதான் இருந்தாள். வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம், “அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருந்தா...” என்று தொடங்கினேன்.

அவள் தலை நிமிரவில்லை.

“நீ வாய் தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதாடா? நான்ல ஒழுங்கா சொல்லியிருக்கணும். மரம் சீவுனாரு, சம்பளம் கெடைக்கலன்னு சொல்லியிருந்தா அந்த மனுசனுக்குப் புரிஞ்சிருக்கும். பேரு பேருன்னு சொல்லி நானே அனுப்பிட்டேன்.”

தப்பு உன்னுடையது இல்லை அக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்துபோய் அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.