பசியோடு கொடுத்த செய்தி

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அம்பத்தூர் சபையில் காலையிலிருந்தே உபவாசம் இருப்போம். சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் கஞ்சியும் துவையலும் கொடுப்பார்கள். போதகர் வெளியூர் போகும் வாரங்களில் செய்தி கொடுக்கும் வேலை, அதாவது பிரசங்கம், என் தலையில் விழும். பல வருடங்களாக விழுந்துகொண்டிருக்கிறது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாததைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

அந்த வாரம் பேச எனக்கு வந்தது பைபிளின் தீர்க்கதரிசிகள். அந்த ஆட்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போனதில்லை. ராஜா, ஆசாரியன் என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஏழையையும் விதவையையும் நசுக்கிவிட்டுக் கடவுளிடம் பாட்டோடு வராதே, உன் பண்டிகையும் அவருக்கு வேண்டாம், உன் பட்டினியும் வேண்டாம் என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கத்துவார்கள். படித்தாலே எனக்கு உடம்பு அசந்துபோகும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், மண்ணூர்பேட்டையில் நான் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில் மேனேஜர் கூப்பிட்டார். ஆர்டர் குறைந்துவிட்டது, பேக்கிங்கில் கான்ட்ராக்ட் பெண்களில் ஒருத்தியை நிறுத்த வேண்டும், நாலு மணிக்குள் பெயர் வேண்டும் என்றார். எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருத்தியைத் தொட்டால் அவள் புருஷன் கம்பெனி கேட் வாசலுக்கு வந்து கத்துவான். இன்னொருத்தி உள்ளூர்க் கட்சிக்காரரின் தங்கை. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எங்கள் சபைப் பெண் ஒருத்தியும் அந்த எட்டில் இருந்தாள். புருஷன் செத்துப்போய்விட்டான், படிக்கிற மகள் ஒருத்தி. அவளை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். நம்ம சபைதானே, பொறுத்துக்கொள்வாள் என்று அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் நீட்டிய டீயை மட்டும் உபவாசம் என்று சொல்லி மறுத்தேன்.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் பிடித்துக் கூட்டத்துக்கு வந்தேன். நன்றாகவே பேசினேன். விதவைக்கு நியாயம் செய்யாதவனின் உபவாசம் வெறும் பட்டினி என்றேன். நெமிலிச்சேரியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "சாட்டையால அட்ச்ச மாரி இருந்துச்சுப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கஞ்சி வரிசையில் அவள் என்னிடம் வந்தாள். கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"அண்ணா, வேல பூட்ச்சுண்ணா. நாளைலேந்து வராதன்னு கேட்டாண்ட சொல்லிட்டாங்க. எவுரு எம் பேரக் குட்த்தாங்கன்னு தெர்ல. உங்களுக்குத் தெரியாமதான் பண்ணிகீறாங்க. தெரிஞ்சா நீங்க உட்டுருப்பீங்களா?"

நான் கிண்ணத்தை நீட்டிக் கஞ்சியை வாங்கிக்கொண்டேன்.

"எனுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கண்ணா," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மறுநாள் மேனேஜரிடம் போய்ப் பெயரைத் திரும்ப வாங்கவும் முயன்றிருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினேன். இவளுக்கு வேறு வழி திறந்தருளும் ஆண்டவரே என்றேன். மகளின் படிப்புக்காகவும் கேட்டேன். வாய் பழகியிருந்ததால் தடையில்லாமல் வந்தது. கடைசியில், இவள் பெயரைக் கொடுத்தவரையும் மன்னியும் என்றேன்.

அந்த இடத்தில்தான் அவள் சத்தமாக ஆமென் சொன்னாள்.